வெப்பமானியும் வண்டியோட்டியின் மானமும்

தமிழில் மானம் என்னும் சொல்லுக்கு அளவு என்பது ஒரு பொருள். பெருமை என்பது மற்றொரு பொருள். அளவு என்னும் பொருளின் வழியிலேயே வெப்பமானி, அழுத்தமானி முதலாய பெயர்கள் நம் பாடநூல்களில் இடம் பெற்றுள்ளன. இவ்விரு பொருளும் ஓர் எளிய தொழிலாளியின் வாழ்வில் ஒரே நாளில் மோதிக்கொண்ட செய்தி ஒன்றை யான் அறிவேன். அதனை முன்னிட்டு, பழைய லோரிகளின் முகப்பிலுள்ள வெப்பமானி எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதையும், அது எவ்வெவ்வாறு பிழைபடும் என்பதையும் ஈண்டு நோக்குவோம்.

துறைமுகத்தில் நிகழ்ந்தது

பினாங்குப் பாலம் 1985ஆம் ஆண்டில் திறக்கப்படுவதற்கு முன்னர், தீவுக்குச் செல்லும் லோரிகள் பட்டர்வொர்த் துறையில் வரிசை பிடித்து நின்று, பெரி ஏறித்தான் ஜோர்ஜ்டவுன் சேர வேண்டும். 1981ஆம் ஆண்டில், பெருநிலத்துத் தோட்டம் ஒன்றின் லோரி ரப்பர் சீட்டுகளை ஏற்றிக்கொண்டு அவ்வரிசையில் நின்றது. அதனை ஓட்டியவரை நாங்கள் டிரைவர் மாமா என்று அழைப்போம். என் தந்தையார் அதே தோட்டத்தில் பால்மரம் சீவியவர்; எனக்கு அப்போது பன்னிரண்டு வயதிருக்கும்.

நின்ற இடத்திலேயே இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தால், ராடியேட்டரின் ஊடே காற்றுப் புகுவது குறையும். முள் மெல்ல ஏறிற்று. சிறிது நேரத்தில் அது தானே இறங்கி நடுவில் நின்றது. கொதிப்பு அடங்கிற்று என்று நம்பிய டிரைவர் மாமா, வரிசை நகர்ந்ததும் வண்டியை ஏற்றத்தில் செலுத்தினார். பாதி வழியில் இயந்திரம் இறுகி நின்றுவிட்டது. கீழ்க்குழாய் வெடித்துத் தண்ணீர் முழுதும் வெளியேறியிருந்தது. அன்று மழை பெய்தமையால், சாலையில் ஓடிய நீரை எவரும் ஐயுறவில்லை.

விசாரணையில், முள்ளைப் பாராமல் ஓட்டியதாக அவர்மீது குற்றம் சாட்டினர். "முள் இறங்கித்தான் இருந்தது, ஐயா" என்று அவர் பலமுறை கூறியும் ஒருவரும் நம்பவில்லை. ஓட்டுநர் வேலை பறிபோய், அவர் புல் வெட்டும் வேலைக்கு அனுப்பப்பட்டார். தண்ணீர் கொதித்து இயந்திரம் கெடும்போது முள் எவ்வாறு இறங்கும் என்பதே கேட்டவர் அனைவரின் வினா. அவ்வினா நியாயமானதே. அதற்கு விடை உண்டு என்பதுதான் அங்கிருந்தோர்க்குத் தெரியவில்லை.

மூடியிலிருந்து முகப்புக்கு

மோட்டார் வண்டிகள் தோன்றிய தொடக்க நாளில், இயந்திரத்தின் சூட்டை அறிய ஓட்டுபவருக்கு வழியில்லை. ஆவி எழுந்த பின்னரே ஆபத்தை உணர்ந்தனர். 1910களில் அமெரிக்காவில் ஹாரிசன் பாய்ஸ் என்பவர், ராடியேட்டர் மூடியின்மேல் பொருத்தும் வெப்பமானி ஒன்றைப் பரப்பினார். நீருக்கு மேலுள்ள ஆவியின் சூட்டைக் காட்டிய அக்கருவியை, ஓட்டுபவர் இருக்கையிலிருந்தே கண்ணாடியின் ஊடே நோக்கினார்.

அடுத்த வகைக்கு அடிப்படை, பிரெஞ்சு நாட்டவராகிய யூஜீன் பூர்டோன் 1849ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்ற வளைகுழாய் ஆகும். உள்ளே அழுத்தம் மிகுந்தால் வளைந்த குழாய் நிமிர முயலும். அவ்வசைவு முள்ளைத் திருப்பும். எளிதில் ஆவியாகும் ஈதர் போன்ற திரவத்தைச் சிறு குமிழில் அடைத்து இயந்திரத்தில் செருகி, மெல்லிய செப்புக் குழாயால் முகப்புவரை இணைத்தனர். இதற்கு மின்சாரம் வேண்டுவதில்லை. ஆயின் செப்புக் குழாய் ஒடிந்தாலோ கசிந்தாலோ முள் குளிர்ந்த பக்கமே கிடக்கும்.

மூன்றாவது வகை மின்சாரத்தால் இயங்குவது. 1833ஆம் ஆண்டில் மைக்கேல் பாரடே, வெள்ளி சல்பைடு என்னும் பொருள் சூடேறச் சூடேற மின்சாரத்தை எளிதாகக் கடத்துவதைக் கண்டார். உலோகங்களின் இயல்புக்கு இது நேர் மாறானது. குறைகடத்திகளின் வரலாற்றில் இதனையே முதற் குறிப்பு எனக் கூறுவர். இவ்வியல்பைக் கொண்டு, 1930ஆம் ஆண்டில் சாமுவேல் ரூபன் வணிகத்திற்கு ஏற்ற தெர்மிஸ்டரை உருவாக்கினார். இயந்திரத் தலையில் திருகப்பட்டுள்ள உணரியின் உள்ளே இருப்பது இத்தகைய சிறு வில்லையே. 1972ஆம் ஆண்டில் பாயான் லெப்பாசில் தொடங்கிய தொழில் வட்டாரத்தால் பினாங்கு குறைகடத்தித் தொழிலுக்குப் பெயர் பெற்றது. அத்தொழிலின் மூத்த உறவு ஒன்று நம் தோட்டத்துப் பழைய லோரியில் முன்னரே வந்து குடியிருந்தது என்பது வியப்புக்குரியது.

பிழை காணும் முறை

உணரி சூடேறினால் அதன் தடை குறையும், மின்னோட்டம் மிகும், முள் ஏறும். இவ்வொரு விதியை மனத்தில் இருத்தினால் பெரும்பாலான பிழைகளைப் பகுத்தறியலாம். கம்பி அறுந்தால் மின்னோட்டம் இல்லை. முள் எப்போதும் குளிர்ச்சியையே காட்டும். கம்பியின் உறை தேய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டால், குளிர்ந்த இயந்திரத்திலும் முள் உச்சிக்கு ஓடும்.

ஐயம் எழுந்தால், சாவியைத் திறந்து, உணரியிலிருந்து கம்பியைக் கழற்ற வேண்டும். முள் குளிர்ந்த பக்கம் விழுதல் வேண்டும். பின்னர் அக்கம்பியை ஒரு சிறு விளக்கின் வழியாக இரும்பில் ஒரு நொடி தொடுவித்தால் முள் ஏற வேண்டும். இவ்விரண்டும் சரியாக நிகழ்ந்தால் மானியும் கம்பியும் நலம். உணரியையே ஐயுற வேண்டும். ஏறவில்லையேல், கம்பி, மானி, மின் வரவு ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டும். உணரியின் திருகு வழியே மின்சாரம் திரும்புவதால், அங்குத் துருவோ மிகுதியான ஒட்டுநாடாவோ இருந்தாலும் முள் குறைத்தே காட்டும்.

பழைய பிரிட்டிஷ் வண்டிகள் பலவற்றில், மானிகளுக்கு ஏறத்தாழ 10 வோல்ட் அளவில் மின்சாரம் தரும் சிறு நிலைப்படுத்தி உண்டு. வெப்ப முள்ளும் எண்ணெய் முள்ளும் ஒருங்கே மிகையாகக் காட்டினால் நிலைப்படுத்தியை முதலில் நோக்குக.

எல்லாவற்றிற்கும் முன் செய்ய வேண்டுவது, இயந்திரம் ஆறிய பின் தண்ணீரின் அளவைப் பார்த்தலே. சூட்டில் மூடியைத் திறத்தல் ஆகாது. சதுர அங்குலத்திற்கு 7 பவுண்டு அழுத்தம் காக்கும் மூடியின்கீழ் நீர் ஏறத்தாழ 111 பாகை செல்சியசில்தான் கொதிக்கும். மூடி திறந்தவுடன் அது பீறிட்டு எழும்.

முள் ஏன் இறங்கிற்று?

ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் அறிவியல் விரிவுரையாளர் ஒரு நாள் வெப்பம் பரவுதலைப் பற்றிப் பேசினார். கொதிநீரில் விரலை ஒரு நொடி வைத்தாலும் வெந்துபோகும். அதே சூடுள்ள அடுப்புப் பெட்டியின் காற்றினுள் கையைச் சிறிது நேரம் நீட்டி எடுக்கலாம். காற்றைக் காட்டிலும் நீர் வெப்பத்தை மிக விரைந்து கொடுக்கும் என்பதே காரணம். அப்போது என் நெஞ்சில் டிரைவர் மாமாவின் சொல் தைத்தது. உணரி தண்ணீரில் மூழ்கியிருக்கும்வரைதான் இயந்திரத்தின் சூட்டை உரியவாறு அறியும். தண்ணீர் வெளியேறியதும் அது வெறும் காற்றில் நின்றது. இயந்திரம் வெந்துகொண்டிருக்க, முள் இறங்கிற்று. அவர் கூறியது முழு உண்மை.

விடுமுறையில் தோட்டத்திற்குச் சென்றபோது இதனை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டவர், "அதைத்தான் வாத்தியாரே நானும் அன்னைக்குச் சொன்னேன்" என்றார். வேறொன்றும் கூறவில்லை. அவர் இழந்த வேலை மீண்டும் கிட்டவில்லை.

ஆசிரியப் பெருமக்களுக்கு ஒன்று கூற விழைகின்றேன். வெப்பமானியைக் கற்பிக்கும்போது அதன் பயனோடு நிறுத்திவிடாமல், எந்நிலையில் அது பொய்க்கும் என்பதையும் கற்பித்தல் வேண்டும். கருவி ஒன்று கூற, அதனைக் கண்ட மனிதன் வேறொன்று கூறினால், இரண்டையும் ஆய்ந்த பின்னரே தீர்ப்புக் கூறல் முறை. அன்று ஒருவரேனும் அவ்வாறு ஆய்ந்திருந்தால், ஓர் உழைப்பாளியின் மானம் காக்கப்பட்டிருக்கும்.