மன்னார் வளைகுடாவில் நீலப் பொருளாதாரம்: முத்துச் சலாபம் முதல் கடற்பாசி வளர்ப்பு வரை

ஆய்வுச்சுருக்கம்

கடல்வளத்தைச் சிதைக்காமல் பயன்கொள்வதை நீலப் பொருளாதாரம் வலியுறுத்துகிறது. இக்கருத்தாக்கத்தை மன்னார் வளைகுடாவின் வரலாற்றோடு பொருத்தி, வளப் பாதுகாப்பிற்கும் உழைப்போர் பங்கிற்குமான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: நீலப் பொருளாதாரம், மன்னார் வளைகுடா, முத்துச் சலாபம், கடற்பாசி, நீடித்த வளர்ச்சி.

முன்னுரை

2012ஆம் ஆண்டு ரியோ டி ஜெனிரோவில் நடைபெற்ற ஐ.நா. மாநாட்டையொட்டிச் சிறுதீவு நாடுகள் நீலப் பொருளாதாரத்தை வலியுறுத்தின. 2015இல் ஏற்கப்பட்ட நீடித்த வளர்ச்சி இலக்குகளுள் 14ஆவது கடலுக்குரியது. சிறு மீனவர்க்குக் கடல்வளத்திலும் சந்தையிலும் இடமளித்தல் அதன் துணை இலக்குகளுள் ஒன்றாகும். இத்துறை ஆய்வுகளில் சூழலியல், உற்பத்திப் பெருக்கம், மீனவர் உரிமை என மூன்று போக்குகளைக் காணலாம். இம்மூன்றையும் இணைத்துக் காண வரலாற்று நோக்கு துணைபுரியும்.

முத்துச் சலாபமும் பங்கு முறையும்

கொற்கை முத்தால் புகழ்பெற்ற இக்கடலில், ஆங்கிலேயர் ஆட்சியில் சலாபம் அரசின் தனியுரிமையாக இருந்தது. முத்துப் பார்களை ஆராய்ந்து, முதிர்ந்த சிப்பிகள் போதிய அளவில் இருந்தால் மட்டுமே சலாபம் அறிவிக்கப்பட்டது. இடையில் பல ஆண்டுகள் குளிப்பு நிகழாமலும் இருந்தது. இன்றைய மீன்பிடித் தடைக்காலத்தின் முன்வடிவமாக இதனைக் கருதலாம். ஆயினும் இதன் முதன்மை நோக்கம் அரசு வருவாயே. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இலங்கைக் கரையில் எடுக்கப்பட்ட சிப்பிகளில் மூன்றில் ஒரு பங்கு குளிப்போர்க்குக் கிடைத்தது. எஞ்சியவை அரசுக்குச் சேர்ந்தன. தூத்துக்குடியில் 1961ஆம் ஆண்டுடன் சலாபம் முடிவுற்றது.

பாதுகாப்பும் பாசி வளர்ப்பும்

1986இல் 21 தீவுகளை உள்ளடக்கிய பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாகவும், 1989இல் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. பவளப்பாறைகளும் கடற்புற்களும் காவல் பெற்றன. தீவுகளைச் சுற்றி மூழ்கிப் பாசி சேகரித்த பெண்களின் வாழ்வாதாரமோ நெருக்கடிக்குள்ளானது. 2000களில் பரவிய கப்பாபைகஸ் பாசி வளர்ப்பு கரையோரக் குடும்பங்களுக்கு மாற்று வருவாயளித்தது. அயலினமான அப்பாசி குருசடைத் தீவின் பவளங்கள்மீது படர்ந்திருந்ததை 2008இல் ஆய்வாளர்கள் பதிவுசெய்தனர். தமிழகத்தில் பல்நோக்குக் கடற்பாசிப் பூங்கா அமைக்கும் திட்டம் 2021–22ஆம் ஆண்டின் ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் இடம்பெற்றது.

முடிவுரை

சலாபத்தில் உழைப்பவர்க்கு வரையறுத்த பங்கு இருந்தது. கடலை எப்போது திறப்பது என்னும் முடிவில் அவர்க்கு இடமில்லை. பூங்கா எல்லை வகுக்கப்பட்டபோது பாசி சேகரித்த பெண்களின் பங்கும் சுருங்கியது. எனவே நீலப் பொருளாதார ஆய்வுகள் விளைச்சலையும் ஏற்றுமதியையும் மட்டும் அளவிடுதல் போதாது. வருவாய் யாரைச் சேர்கிறது, தடையின் சுமையை யார் ஏற்கின்றனர், முடிவெடுப்பதில் யார் பங்கேற்கின்றனர் என்பவையும் நீடித்த வளர்ச்சியின் அளவுகோல்களாதல் வேண்டும்.