பிஐஓ, டிஎம்ஏ: இறுவட்டு டிரைவின் தரவு மாற்று முறைகள்

கணினியின் சீடி, டிவிடி டிரைவ் படிக்கும் தரவு நினைவகத்துக்குப் போய்ச்சேர இரண்டு முறைகள் உண்டு. பிஐஓ முறையில் ஒவ்வொரு துண்டையும் மையச் செயலியே வாங்கி வைக்கவேண்டும். டிஎம்ஏ முறையில் செயலி தன் வேலையைப் பார்க்க, தரவு நேரே நினைவகத்துக்குப் போய்விடும். பழைய ஐடிஈ டிரைவ்களில் பிஐஓ 4இன் உச்சவேகம் செக்கனுக்கு 16.6 மெகாபைட், அல்ட்ரா டிஎம்ஏ 2க்கு 33.3. இது ஏட்டுக் கணக்கு. உண்மையில் பிஐஓவில் வேகம் இன்னும் குறையும். செயலியும் அதிலேயே மாட்டிக்கொள்வதால் மவுஸ்கூடத் திக்கித்திக்கித்தான் நகரும்.

இலங்கையின் வடக்கே வன்னிப் பகுதிக்குள் கணினி பரவலாக நுழைந்தது 2002இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து ஏ9 வீதி திறந்த பிறகு. அப்போது தேசிய மின்வலையமைப்பு இல்லாத கிளிநொச்சியில் அவை ஜெனரேற்றரில் ஓடின. இணைய வசதி அரிதாக இருந்ததால் மென்பொருளும் படமும் பாட்டும் பெரும்பாலும் இறுவட்டிலேயே கைமாறின. அக்காலத்து விண்டோஸ் எக்ஸ்பியில், டிரைவ் தானாகவே டிஎம்ஏயிலிருந்து பிஐஓவுக்கு இறங்கிவிடும் கோளாறு ஒன்று இருந்தது.

டிரைவில் வாசிப்புத் தாமதமோ கேபிள் வழியில் பிழையோ ஆறு தடவை சேர்ந்தால், எக்ஸ்பி வேகத்தை ஒரு படி இறக்கும். இப்படியே இறங்கிக் கடைசியில் பிஐஓவில் வந்து நிற்கும். தானாக மேலே ஏறாது. கைமாறிக் கீறல் விழுந்த ஒரு வட்டும், செம்மண் தூசி படிந்த லென்ஸும் இதற்குப் போதும். விசிடி ஏறத்தாழ 1x வேகத்தில் ஓடுவதால் கோளாறு வெளியே தெரியாது. டிவிடி போட்டால் படம் வெட்டி வெட்டி ஓடும். 8x வேகத்தில் டிவிடி எழுதச் செக்கனுக்குச் சுமார் 11 மெகாபைட் வேண்டுமென்பதால் எழுதும் வேலை இழுபடும். டிரைவ் பழுதென்று முடிவுகட்டுவது இந்த இடத்தில்தான். பெரும்பாலும் அது தவறான முடிவு.

டிவைஸ் மனேஜரில் டிரைவ் இணைந்துள்ள ஐடிஈ சனலை (பெரும்பாலும் செகண்டரி) திறந்து, அட்வான்ஸ்ட் செற்றிங்ஸில் தற்போதைய முறையைப் பார்க்கவேண்டும். 'பிஐஓ' என்றிருந்தால், 'டிஎம்ஏ இஃப் அவெய்லபிள்' தெரிவாகியுள்ளதா என்று பார்க்கலாம். தெரிவாகியிருந்தும் மாறாவிட்டால் அந்தச் சனலை அன்இன்ஸ்டோல் செய்து கணினியை மீளத் தொடக்கினால் போதும்; விண்டோஸ் அதைப் புதிதாகக் கண்டுபிடித்துப் பிழைக் கணக்கைப் பூச்சியத்திலிருந்து தொடங்கும். சில நாளில் மறுபடி இறங்கினால் லென்ஸைத் துடைத்து, கேபிளை மாற்றிப் பார்க்கவேண்டும். கேபிள் 45 சென்ரிமீற்றருக்கு மேல் நீளக்கூடாது. அல்ட்ரா டிஎம்ஏ 66 வேகத்துக்கு 80 கம்பிக் கேபிள் கட்டாயம்.

பின்வந்த சாட்டா டிரைவ்களில் இந்தத் தொல்லை குறைவு. ஆனால் பயோஸில் சாட்டாவை 'ஐடிஈ' முறையில் விட்டிருந்தால் எக்ஸ்பி அதையும் பழைய சனலாகவே நடத்தும். அங்கும் இதே வைத்தியம்தான்.