காம்பராவும் கமராவும்

மீலாத் விழா மேடைகளில் வருடாவருடம் கேட்கும் வசனம் ஒன்றுண்டு: "கமராவைக் கண்டுபிடித்தவர் இப்னுல் ஹைதம்." கமரா என்ற சொல்லே 'கும்ரா' என்ற அரபுச் சொல்லிலிருந்து வந்தது என்றும் கூடவே சொல்லிவிடுவார்கள். நுவரெலியாவில் தமிழ் படிப்பிக்கும் எனக்கு இந்த இரண்டாவது கதையைக் கேட்டால் சும்மா இருக்க முடிவதில்லை. ஏனென்றால், அதற்கான மறுப்பு இங்குள்ள தேயிலைத் தோட்ட லயங்களிலேயே கிடக்கிறது.

தோட்டத்தில் லயத்து அறையைக் 'காம்பரா' என்பார்கள். சிங்களத்தில் அறைக்குக் 'காமரய' என்று பெயர். இரண்டும் போர்த்துக்கேயர் விட்டுப்போன 'காமரா' என்ற சொல்லிலிருந்து வந்தவை. அது லத்தீனிலும் அதற்கு முன் கிரேக்கத்திலும் வளைகூரையையும் அப்படிக் கூரையிட்ட அறையையும் குறித்தது. கெப்ளரின் காலத்தில் இருட்டறைக்கு 'காமரா ஒப்ஸ்கூரா' என்று பெயர் நிலைத்தது. பிறகு 'இருட்டு' கழன்று 'அறை' மட்டும் கருவியின் பெயராயிற்று. ஆக, படம் பிடிக்கிற கமராவும் ஒரு குடும்பமே முடங்கிக் கிடந்த காம்பராவும் ஒருதாய்ப் பிள்ளைகள். அரபு நூல்களில் அதே இருட்டறைக்கு இருண்ட வீடு என்ற பொருளில் 'அல்-பைத் அல்-முழ்லிம்' என்று வேறு பெயர்தான் இருக்கிறது.

முதல் வசனமும் அப்படியே நிற்காது. சதுரத் துளையால் வரும் வெயில் ஏன் தரையில் வட்டமாக விழுகிறது என்ற கேள்வி அரிஸ்டோட்டில் பெயரில் வழங்கும் கிரேக்க நூலிலேயே இருக்கிறது. அப்படியானால் பஸறாவில் 965 அளவில் பிறந்து கெய்ரோவில் 1040 அளவில் மறைந்த அந்த மனிதர் செய்ததுதான் என்ன?

ஏழு பாகங்கள் கொண்ட 'கிதாபுல் மனாழிர்' என்ற நூலை எல்லாரும் சொல்வார்கள். கிரகணத்தின் வடிவம் பற்றி அவர் எழுதிய சிறு நூலான 'ஸூறத்துல் குஸூஃப்' நம் மேடைகளுக்கு வருவதில்லை. பகுதிக் கிரகணத்தின்போது சிறு துளையால் விழும் சூரிய ஒளி பிறையாகத் தெரிகிறது. துளையைப் பெரிதாக்கினால் பிறை மழுங்கி, கடைசியில் துளையின் வடிவமே மிஞ்சுகிறது. காரணத்தை அவர் கேத்திரகணிதமாக விளக்கினார்: சூரியனின் ஒவ்வொரு புள்ளியும் துளையின் உருவத்தைத் தனித்தனியே திரையில் போடுகிறது; நாம் காண்பது அத்தனையும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்த தொகுப்பு. இன்னொன்றும் கேட்டார்: மாதத் தொடக்கத்தில் வானில் நிற்கும் தலைப்பிறை ஏன் இப்படிப் பிறையாக விழுவதில்லை? பிறை பார்த்து வளர்ந்த சமூகத்துக்குத்தான் இந்தக் கேள்வி தோன்றும் என்று எண்ணிக்கொள்வேன்.

இதைப் பார்க்க ஆய்வுகூடம் வேண்டாம். தகரக் கூரையில் ஆணித் துளை உள்ள காம்பரா போதும். துளை எந்த வடிவமானாலும், ஒன்பதடி கடந்து வந்த ஒளி ஏறத்தாழ ஓர் அங்குல அகலத்தில் உருண்டையாக விழும். காலையில் வெயில் சரிந்து வரும்போது அது தரையில் முட்டை வடிவமாக நீளும். ஒரு பலகையை எடுத்துக் கதிருக்கு நேர்முகமாகப் பிடித்தால் மறுபடி வட்டமாகும். சூரியன் எங்கே, துளை எங்கே, திரை எங்கே என்று பிரித்துக் கேட்கத் தெரிந்தால் விம்பத்தின் வடிவத்தில் எது யாருடைய பங்கு என்று சொல்லிவிடலாம். இந்தப் பிரித்தறிதல்தான் அவருடைய சொத்து. 'கண்டுபிடித்தார்' என்ற ஒரு சொல்லால் அதை மூடிவிடுகிறோம். பிள்ளைகளும் பெயரை மனனம் பண்ணி வினாடிவினாவில் புள்ளி எடுத்துவிட்டு, தலைக்கு மேலுள்ள துளையைப் பார்க்காமலே போய்விடுகிறார்கள்.

மனாழிர் லத்தீனுக்குப் போய், 1572இல் பாஸல் நகரில் அச்சாயிற்று. அதைப் படித்தவர்களில் கெப்ளரும் ஒருவர். துளைப் பிரச்சினைக்கு அவர் செய்த சோதனை எனக்குப் பிடித்தமானது. ஒரு புத்தகத்தை உயரத்தில் வைத்து, அதன் மூலையிலிருந்து நூலொன்றைப் பல மூலைகளுள்ள ஒரு துளையினூடாகத் தரைக்கு இழுத்தார். துளையின் ஓரமெல்லாம் நூலை உரசிச் சுற்றி, அது தரையைத் தொட்ட இடங்களைச் சுண்ணக்கட்டியால் குறித்தார். கதிருக்குப் பதிலாக நூல், அவ்வளவுதான். பிரான்சில் பொன்செலே, எறியத்தின்போது ஓர் உருவத்தில் எது மாறும், எது மாறாது என்ற கணிதத்தை 1822இல் நூலாக்கினார். நெப்போலியனின் படையோடு போய் ரஷ்யாவில் கைதியாக இருந்த காலத்தில் தொடங்கிய வேலை அது.

இன்று பாடசாலை மண்டபத்தில் மல்டிமீடியாவைத் தாழ்ந்த மேசையில் வைத்து முன்பக்கத்துக்கு இரண்டு புத்தகம் முட்டுக்கொடுக்கிறோமே, அப்போது நடப்பதும் இந்தக் கணிதம்தான். மேல்விளிம்புக்குப் போகும் ஒளி கூடுதல் தூரம் போகிறது, அதனால் கூடுதலாக விரிகிறது. செவ்வகம் சரிவகமாகிவிடும். "சேர், படம் ஏன் மேல அகலமா நிக்குது?" என்று பிள்ளைகள் கேட்பது இதைத்தான். ஆங்கிலத்தில் இதற்கு 'கீஸ்டோன்' என்று பெயர். வளைவின் உச்சியில் வைக்கும் ஆப்புக்கல். காமராவின் வளைகூரை இங்கேயும் வந்து நிற்கிறது.

பழைய வைத்தியம் திரையின் மேற்பக்கத்தை முன்னே சாய்ப்பது. 2001இல் வேறு வழி வந்தது. நாசிக்கில் பிறந்த ரமேஷ் ரஸ்கர், போல் பியர்ட்ஸ்லியோடு சேர்ந்து தன்னைத் தானே திருத்தும் புரொஜெக்டரை விவரித்தார். அதே ஆண்டில் ராகுல் சுக்தங்கர் குழுவினரும் கமரா-புரொஜெக்டர் முறையொன்றை வெளியிட்டனர். புரொஜெக்டர் தெரிந்த சில புள்ளிகளைச் சுவரில் போடும். அவை எங்கே விழுந்தன என்று கமரா பார்க்கும். நான்கு புள்ளிகள் எட்டுச் சமன்பாடுகளைத் தரும். எட்டு எண்கள் கிடைத்துவிட்டால் கோணலின் கணக்குத் தெரிந்துவிடும். (இந்த இடத்தில் அல்-குவாரிஸ்மியின் பெயரோடு ஒருவர் மேடையில் எழும்புவார், விட்டுவிடுவோம்.) பிறகு கணினி படத்தை எதிர்ப்பக்கமாகக் கோணலாக்கி அனுப்பும். சுவரில் அது நேராக விழும்.

ஒரு சிக்கல் உண்டு: கமராவே சாய்ந்திருந்தால்? அது காணும் கோணலில் அதன் சொந்தப் பங்கும் கலந்திருக்கும். அதனால்தான் ரஸ்கர் குழுவினர் சரிவை அளக்கும் உணரியையும் சேர்த்தார்கள். சுக்தங்கர் குழுவினர் திரையின் நான்கு ஓரங்களைக் கமராவுக்குக் காட்டினார்கள். எது யாருடைய பங்கு என்ற பழைய கேள்வியேதான்.

இந்தத் திருத்தம் இலவசமும் அல்ல. சரிவகத்தைச் செவ்வகமாக்க, ஓரத்துப் புள்ளிகள் அணைக்கப்படுகின்றன. எழுத்தின் கூர்மை குறைகிறது. எங்கள் மண்டபத்தில் பொத்தானை அழுத்துமுன் புத்தகங்களை எடுத்துவிட்டு உயரமான மேசை ஒன்றைத் தேடுவது அதனால்தான்.