ஒரு பூட்டுப் போதாமல் போன கதை

எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு ஒரு மின்னஞ்சல் கணக்கு இருக்கிறது. அதன் பாஸ்வேர்ட் எட்டுப் பேருக்குத் தெரியும். வட்ஸ்அப் குழுவிலும் எங்கேயோ மேலே கிடக்கிறது. போன மாதம் எங்களில் ஒருவரின் வட்ஸ்அப் பறிபோனது. "ஆறு இலக்கம் ஒண்டு வரும், அனுப்பிவிடு மச்சான்" என்று நண்பரின் பெயரில் கேட்டிருக்கிறார்கள். அவரும் அனுப்பிவிட்டார். அன்றிரவே எங்கள் எல்லோரிடமும் அவர் பெயரில் காசு கேட்டார்கள். அதன் பிறகுதான் இந்தப் பூட்டுகளின் வரலாற்றைத் தேடி வாசித்தோம்.

கதை தொடங்குவது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில். பெர்னாண்டோ கோர்பட்டோவின் குழு, பலர் ஒரே நேரத்தில் ஒரே கணினியைப் பாவிக்கும் சி.டி.எஸ்.எஸ். என்ற முறையை 1961இல் செய்து காட்டியது. ஆளாளுக்குத் தனிக் கோப்புகள், அளந்து கொடுத்த நேரம். அந்தப் பங்கைப் பிரித்து வைக்க வந்ததுதான் கடவுச்சொல்.

அதை உடைத்தவரும் உள்ளுக்குள் இருந்தவர்தான். 1962இல் அலன் ஷெர் என்ற ஆய்வு மாணவருக்குக் கிழமைக்கு 4 மணித்தியாலம் காணவில்லை. கடவுச்சொல் கோப்பை அச்சடித்துத் தரும்படி துளையட்டை மூலம் கணினியிடமே கேட்டார். அது கொடுத்துவிட்டது! 1966இல் நடந்தது இன்னும் பகிடி. இரண்டு கோப்புகள் தவறுதலாக இடம்மாறியதில், உள்ளே நுழைந்தவர்களுக்கு அன்றைய அறிவித்தலுக்குப் பதிலாக எல்லோருடைய கடவுச்சொற்களும் தெரிந்தன.

கோப்பை மறைத்து வைத்தாலும் ஆட்கள் மாறவில்லை. 1979இல் ரொபர்ட் மொரிஸும் கென் தொம்சனும் 3,289 கடவுச்சொற்களை ஆராய்ந்தார்கள். அவற்றில் 86 வீதமானவை மிகச் சிறியவை, அல்லது அகராதியில் தேடியே பிடிக்கக்கூடியவை.

தெரிந்த ஒன்றோடு கையில் இருக்கும் ஒன்றையும் சேர்த்துக் கேட்கும் வழக்கம் வங்கிகளில் ஏற்கெனவே இருந்தது. 1967இல் லண்டன் என்ஃபீல்டில் பார்க்லேஸ் வங்கி வைத்த பணம் தரும் இயந்திரம், விசேட காசோலை ஒன்றையும் இரகசிய இலக்கத்தையும் சேர்த்துத்தான் கேட்டது. 1980களில் இலக்கம் மாறிக்கொண்டே இருக்கும் சிறு கருவிகளை நிறுவனங்கள் ஊழியர்களுக்குக் கொடுத்தன. 2011இல் அதற்கு ஒரு பொது நியமம் வந்தது. போனுக்குள் ஒரு இரகசியச் சாவி இருக்கும். அதையும் நேரத்தையும் வைத்து, வழக்கமாக 30 செக்கனுக்கு ஒருமுறை புது இலக்கம் உருவாகும். டேட்டா இல்லாமலே வேலை செய்யும்.

எஸ்.எம்.எஸ்.ஸில் வரும் இலக்கம் அவ்வளவு உறுதியில்லை. உங்கள் நம்பரை இன்னொரு சிம்முக்கு மாற்றிவிட்டால் இலக்கமும் அங்கேதான் போகும். 2019இல் ட்விட்டர் தலைவர் ஜக் டோர்சியின் நம்பரையே கைப்பற்றி, அவருடைய கணக்கில் பதிவு போட்டார்கள். ஆனாலும் ஒன்றுமே இல்லாததற்கு அது எவ்வளவோ மேல்.

ஒன்றைக் கவனித்தோம். 1962இல் கணினி, கேட்டவுடன் கொடுத்தது. போன மாதம் நாங்கள் கொடுத்தோம். செயலி காட்டும் இலக்கத்தையும் இப்படிக் கேட்டு வாங்கலாம்.

இப்போது பாஸ்வேர்டை மாற்றிவிட்டோம். இலக்கம் தரும் செயலி இரண்டு பேரின் போனில் இருக்கிறது. போன் தொலைந்தால் பாவிக்கும் மீட்புக் குறியீடுகளைத் தாளில் எழுதி வைத்திருக்கிறோம். வட்ஸ்அப்பில் இரண்டு கட்டச் சரிபார்ப்புக்கான பின் இலக்கத்தையும் எல்லோரும் போட்டாச்சு. ஆர் கேட்டாலும் இலக்கம் அனுப்புவதில்லை. நண்பனே கேட்டாலும், முதலில் கோல் எடுத்துக் கதைப்போம்.