கட்டளைச் சொல்லும் காவலும்

கணினிக்கு இடும் கட்டளையில் ஒரு சொல் பிழைத்தால் பெருங்கேடும் விளையலாம். அப்பிழையை வாயிலிலேயே தடுத்து நிறுத்த முயன்ற முயற்சிக்கும் ஒரு வரலாறு உண்டு.

1969ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் யூனிக்ஸ் இயங்குதளம் உருப்பெறத் தொடங்கியது. அங்கு நிரலின் பெயரைத் தட்டச்சிட்டு, அதனருகே வேண்டிய தெரிவுகளையும் எழுதி ஏவுவர். இவையே கட்டளைவரித் தெரிவுகள். அவற்றை எழுதும் முறையோ நிரலுக்கு நிரல் வேறுபட்டது. பல நிரல்கள் தெரிவின் முன் சிறுகோட்டை வேண்டின. ‘டார்’ அதனை வேண்டவில்லை. ‘டிடி’ சமக்குறியை வேண்டிற்று. இக்குழப்பத்தைக் களையவே ‘கெட்ஆப்ட்’ என்னும் பொதுச் செயற்கூறு தோன்றியது. 1985இல் டல்லஸ் நகர மாநாடொன்றில் அது யாவர்க்கும் பொதுவுடைமையாக வழங்கப்பட்டது.

1987இல் பெர்ல் மொழியை வெளியிட்ட லாரி வால் மொழியியல் பயின்றவர். பேச்சுமொழியின் நெகிழ்ச்சியை அவர் தம் கணினி மொழிக்கும் அளித்தார். அந்நெகிழ்ச்சியே இடருக்கும் இடமளித்தது. எண் வேண்டிய இடத்தில் வெறுஞ்சொல் வந்தால், பெர்ல் அதனைச் சுழியமாகக் கொண்டு மேற்செல்லும். குறித்த நாள்களுக்கு முற்பட்ட கோப்புகளை அழிக்கும் நிரல் ஒன்றைக் கருதுவோம். 10 என்னும் இலக்கத்திற்கு மாறாகப் ‘பத்து’ என்று ஒருவர் எழுத்தால் எழுதிவிட்டால், நாள் சுழியமாகும். நேற்றைய கோப்பும் அழியும்.

இக்குறையைத் தீர்க்க உதவும் ‘கெட்ஆப்ட் லாங்’ என்னும் கூற்றை நெதர்லாந்தைச் சேர்ந்த யோகான் விரோமன்ஸ் உருவாக்கினார். 1994இல் வந்த ஐந்தாம் பெர்லுடன் அதுவும் சேர்த்தே வழங்கப்பட்டது. இத்தெரிவு முழுஎண், இது சொல் என நிரலர் முன்னரே வரையறுப்பார். மாறானது வரின், அக்கூறு பிழையைச் சுட்டி, ‘பொய்’ என்னும் விடையை நிரலுக்குத் திருப்பித் தரும். ஆயினும் நிரலை அது நிறுத்துவதில்லை. அவ்விடையை நோக்கி நிறுத்த வேண்டியவர் நிரலரே.

இன்னும் ஒன்றுண்டு. −10 என்பதும் முழுஎண்ணே. ஆதலின் அக்கூறு அதனை ஏற்கும். நாள்கள் எதிர்மறையாகா என்பதை அது அறியாது. அந்த எல்லையை நிரலரே தனியே சோதித்தல் வேண்டும்.

இலக்கணம் வழுவாத வாக்கியமும் பொருளில் வழுவலாம் என்பதைத் தமிழாசிரியர் நன்கறிவர். வடிவத்தைக் கருவி காக்கும். பொருளைக் காப்பது மனிதன் கடமை. கட்டளைவரியின் வரலாறு உணர்த்தும் உண்மை இதுவேயாகும்.