மைக் செட்டும் மெக்கானிக்கும்

மைக், ஆம்ப்ளிஃபயர், ரிக்கார்டு பிளேயர், குழாய் ஸ்பீக்கர், கட்டுக் கட்டாக ஒயர். இவ்வளவும் சேர்ந்ததற்குத் தமிழ்நாட்டு ஊர்களில் மைக் செட் என்று பெயர். அதை வாடகைக்கு விடும் கடை சவுண்ட் சர்வீஸ். திருப்பூர், அவிநாசி, பல்லடம், காங்கயம் வட்டாரத்தில் நோம்பி எனப்படும் ஊர்த் திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் எதுவும் மைக் செட் இல்லாமல் நடந்ததில்லை. இரவெல்லாம் பாடிய செட் விடியும்போது ஊமையாகிவிட்டால், அதைப் பிரித்துப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவர் பெரும்பாலும் வீட்டுத் திண்ணையிலோ முன்னறையிலோ ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தார். அந்த மேசைக்கு வேண்டிய கைத்திறன் பஞ்சாலை மின்சாரத்திலிருந்து வந்தது. வேலையைக் கொடுத்தது நோம்பி.

நீலகிரியின் பைக்காரா நீர்மின் நிலையம் 1932-ல் இயங்கத் தொடங்கியது. அந்த மின்சாரம் கோவைச் சமவெளிக்கு இறங்கியதும் பஞ்சாலைகள் பெருகின. ஆலை பெருகினால் மோட்டார் பெருகும். மோட்டார் பெருகினால் எரிந்த காயிலைப் பிரித்துத் திரும்பச் சுற்றுகிற ரீவைண்டிங் பட்டறையும் பெருகும். 1937-ல் ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து கோவையிலேயே மின்மோட்டார் தயாரித்தார்கள். எனாமல் கம்பி, சுற்றுக் கணக்கு, வார்னிஷ், ஸ்டாம்பிங் தகடு எல்லாம் இந்தப் பகுதியில் அன்றாடப் பேச்சாகிவிட்டன. ஆம்ப்ளிஃபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்ஃபார்மர் இதே குடும்பத்துப் பொருள்தான்.

சினிமாவும் இதில் ஒரு பங்கு சேர்த்தது. ஊர் ஊராகப் படம் காட்டிய சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கோவையில் வெரைட்டி ஹால் அரங்கைத் தொடங்கியிருந்தார். தமிழ்ப் பேசும்படம் 1931-ல் வந்தது. 1930-களின் நடுவில் சென்ட்ரல் ஸ்டூடியோவும் பிறகு பக்ஷிராஜா ஸ்டூடியோவும் கோவையில் இயங்கின. பேசும்படம் காட்டுகிற எந்தக் கொட்டகைக்கும் வால்வு ஆம்ப்ளிஃபயர் வேண்டும். டென்ட் கொட்டகை ஆயில் எஞ்சினில் ஓடியபோது, படத்தின் நடுவே ஒலி நின்றால் அங்கேயே சரிசெய்ய வேண்டிய நிலை ஆபரேட்டருக்கு. சென்னை வானொலி நிலையம் 1938-லும் திருச்சி நிலையம் 1939-லும் ஒலிபரப்பைத் தொடங்கியபின் ரேடியோப் பெட்டிகளும் பழுதுக்கு வந்தன. ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்ய முடியும் என்று 1941-ல் ஜி.டி. நாயுடு அறிவித்தார்.

வால்வு ஆம்ப்ளிஃபயரின் அமைப்பு எளிமையானது. மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் சுமார் ஒரு மில்லிவோல்ட். முதல் வால்வு அதைப் பெருக்கும். ஒரு கண்டென்சர் வழியாக அது அடுத்த வால்வுக்குப் போகும். கடைசியில் இஎல்34 அல்லது 6எல்6 போன்ற இரண்டு பெரிய வால்வுகள் ஒன்று தள்ள ஒன்று இழுக்க வேலை செய்து அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை ஓட்டும். வால்வின் இழைக்கு 6.3 வோல்ட் போதும். தகட்டுக்கு 400 வோல்ட் வரை வேண்டும். அந்த 400 வோல்ட்டை வைத்திருக்கும் ஃபில்டர் கண்டென்சர், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைத் தூக்கி எறியும். மேசைக்கு முன்னால் உட்கார்ந்த பையன் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் வேலை, ஒரு ரெசிஸ்டன்ஸை இரு முனைக்கும் குறுக்கே பிடித்து அந்த மின்னேற்றத்தை இறக்குவது. ஒரு கை சட்டைப் பையில் இருக்க வேண்டும் என்பது இரண்டாவது பாடம். இரண்டு கையும் உள்ளே போனால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகும்.

மேசையின் முக்கியக் கருவி மீட்டர் அல்ல, சீரியஸ் பல்பு. மரப்பலகையில் ஒரு ஹோல்டர், 100 வாட் குண்டு பல்பு, ஒரு பிளக் பாயின்ட். பழுதான செட் இந்தப் பல்பு வழியாகத்தான் மின்சாரம் பெறும். உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். செட்டுக்கு மேலும் சேதம் வராது. செட் நன்றாக இருந்தால் பல்பு ஒரு கணம் பளிச்சென்று எரிந்து, கண்டென்சர் நிறைந்ததும் மங்கி நிற்கும். சில ரூபாய்ச் செலவில் ஆன இந்தப் பலகை காப்பாற்றிய டிரான்ஸ்ஃபார்மர்களுக்குக் கணக்கே கிடையாது.

அடுத்தது, பழுது எந்த இடத்தில் என்று கண்டுபிடிப்பது. தேர்ந்த மெக்கானிக் முன்பக்கமிருந்து தொடங்குவதில்லை, ஸ்பீக்கர் பக்கமிருந்து பின்னோக்கி வருவார். கடைசி வால்வின் கிரிட்டை, அதாவது சிக்னல் நுழையும் முனையை, ஸ்க்ரூடிரைவர் நுனியால் தொட்டால் லேசான ‘டப்’ சத்தம். அதற்கு முந்தைய வால்வில் தொட்டால் அதைவிடப் பெரிய சத்தம். வால்யூம் கன்ட்ரோலின் நடுக்காலில் தொட்டால் கொர்ரென்ற உறுமல். எந்த இடத்தில் தொட்டபோது சத்தம் வராமல் போகிறதோ, அந்த இடத்துக்கும் முன்பு தொட்ட இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு. சர்க்யூட் வரைபடம் கையில் இல்லாமலே ஆயிரக்கணக்கான செட்டுகள் இப்படித்தான் உயிர் பெற்றன. பள்ளிப்படிப்பை நடுவில் விட்டவர்களும் இதில் கைதேர்ந்தவர்களானதற்குக் காரணம், முறை அவ்வளவு தெளிவானது.

சத்தமே பழுதைச் சொல்லிவிடும். பாட்டுக்கு அடியில் விடாமல் ஓர் இரைச்சல் இருந்தால் ஃபில்டர் கண்டென்சர் காய்ந்துவிட்டது. 50 சைக்கிள் மின்சாரம் நேராக்கப்பட்டபின் எஞ்சும் 100 சைக்கிள் அலை அது. குரல் கரகரத்து, கூடவே ஒரு வால்வின் தகடு செக்கச் செவேலென்று சிவந்தால் கப்ளிங் கண்டென்சர் கசிகிறது. முந்தைய வால்வின் உயர் வோல்ட்டேஜ் கிரிட்டுக்கு வந்து வால்வை அளவுக்கு மீறி ஓடச் செய்கிறது. இந்தச் சின்ன கண்டென்சரை மாற்றாமல் புது வால்வை மட்டும் போட்டால் அதுவும் சிவக்கும், பிறகு டிரான்ஸ்ஃபார்மரும் போகும். வால்வு மாற்றத் தெரிந்தவர், பழுது பார்க்கத் தெரிந்தவர் என்று இரண்டு வகையாக மெக்கானிக்குகளைப் பிரிப்பது இந்த இடம்தான்.

அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் எரிந்தால் ரீவைண்டிங் பட்டறைக்குப் போகும். வால்வுப் பக்கம் சுமார் 6,600 ஓம், ஸ்பீக்கர் பக்கம் 16 ஓம் என்றால் இரண்டுக்கும் விகிதம் ஏறக்குறைய 412. சுற்றுகளின் விகிதம் அதன் வர்க்கமூலம், அதாவது 20-க்கு 1. பட்டறைக்காரர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. பழைய கம்பியைப் பிரிக்கும்போதே சுற்றுகளை எண்ணி, கம்பியின் கேஜ் பார்த்து, அப்படியே திரும்பச் சுற்றுவார். ஆனால் மோட்டார் சுற்றிப் பழகிய கைக்கு இங்கே ஒரு புதுப்பாடம் இருந்தது. முதல் சுருளை முழுதும் சுற்றிவிட்டு அதன்மேல் இரண்டாவதைச் சுற்றினால் டிரான்ஸ்ஃபார்மர் வேலை செய்யும்; உச்ச ஸ்வரங்கள் மட்டும் மழுங்கிப்போகும். இரண்டையும் பகுதி பகுதியாக மாற்றி மாற்றி, நடுவே காகிதம் வைத்துச் சுற்றினால்தான் நாகஸ்வரத்தின் கூர்மை திரும்ப வரும். வார்னிஷில் முக்கி வெயிலில் உலர்த்துவது கடைசி வேலை.

வட்டாரத்துக்கே உரிய பழுதுகளும் உண்டு. வயல்களில் பம்ப்செட் ஓடும் நேரத்தில் வோல்ட்டேஜ் இறங்கும். அதே லைனில் நோம்பியின் சீரியல் விளக்கும் சேர்ந்தால் செட் முனகும். பனியன் கம்பெனிகளில் வேலை நேரத்தில் பாட்டு ஓடுவது வழக்கம். அங்கிருந்து வரும் ஆம்ப்ளிஃபயரைத் திறந்தால், காற்றுத் துளைகளில் பஞ்சுத் தூசி நரைத்த கம்பளிபோல் ஒட்டியிருக்கும். வெப்பம் வெளியேற வழியில்லாமல் உள்ளிருக்கும் பாகங்கள் வெந்துபோகின்றன. பெயின்ட் பிரஷ்ஷால் அதை நீக்குவதே பாதி வைத்தியம்.

டெல்லியில் 1940-ல் தொடங்கப்பட்ட அஹுஜா நிறுவனத்தின் செட்டுகள் நாடெங்கும் பரவின. பெங்களூரின் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் 1961-ல் வால்வு உற்பத்தியைத் தொடங்கியது. ஆனால் அதற்குள் டிரான்சிஸ்டர் வந்து 13 ஆண்டுகளுக்கு மேலாகியிருந்தது. 2என்3055 என்ற உலோகத் தொப்பி டிரான்சிஸ்டர் செட்டுகளில் இடம்பிடித்ததும், மின்சாரம் இல்லாத ஊரிலும் கார் பேட்டரியில் மைக் செட் பாடியது. ஊர்வலத்திலும் தேர்தல் பிரசார வண்டியிலும் அதுதான் சௌகரியம்.

இந்த மாற்றம் பழுதின் தன்மையையே தலைகீழாக்கியது. வால்வு செட்டுக்கு எமன், அறுந்த ஒயர். ஸ்பீக்கர் இணைப்பு இல்லாமல் சத்தத்தைக் கூட்டினால் டிரான்ஸ்ஃபார்மரில் வோல்ட்டேஜ் எகிறி காயில் பொத்துக்கொள்ளும். டிரான்சிஸ்டர் செட்டுக்கு எமன், உரசிய ஒயர். வேப்பமரக் கிளையில் தேய்ந்து இரண்டு கம்பியும் ஒட்டினால், ஃபியூஸ் போகுமுன் டிரான்சிஸ்டர் போய்விடும். “லைன் அறுந்துதுங்களா?” என்று கேட்டுக்கொண்டிருந்த மெக்கானிக், “லைன் ஒட்டுச்சுங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார். புது டிரான்சிஸ்டருக்கு அடியில் வைக்கும் மைக்கா தாளும் வெள்ளைப் பசையும் முக்கியமாகின. தாள் கிழிந்திருந்தால் புதியதும் நிமிடத்தில் ஷார்ட்.

கேசட் காலத்தில் தொழில் வீட்டுக்குள் இன்னும் ஆழமாகப் புகுந்தது. சான்யோவின் எல்ஏ4440 ஐ.சி., ஒரு 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர், நாலைந்து கண்டென்சர் இருந்தால் பையன்களே ஆம்ப்ளிஃபயர் அசெம்பிள் செய்துவிடுவார்கள். ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யக் காசில்லாதவர்கள் மண்பானை வாயில் அதைப் பொருத்தினார்கள். பானைக்குள் அடைபட்ட காற்று அடிநாதத்தைத் திரட்டிக் கொடுத்தது. 1976-ல் ‘அன்னக்கிளி’ படத்துக்குப் பிறகு வந்த பாடல்களில் பேஸ் கிட்டார் எடுப்பாகக் கேட்டது; அதைக் கேட்க ஆசைப்பட்டவர்களுக்குப் பானை பெரிய வரம்.

மெல்லிசைக் கச்சேரிகளில் கிட்டாருக்கென்று தனி ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்தவர்கள் குறைவு. கிட்டாரும் மைக் செட்டில்தான் செருகப்பட்டது. கிட்டார் பிக்கப் மைக்கைவிடப் பல மடங்கு பலமான சிக்னல் தரும். மைக் துளையில் செருகினால் பிளிறும். ரிக்கார்டு பிளேயருக்கான துளையில் செருகினால் ஓரளவு சரியாக வரும். கச்சேரி நடுவே கரகரப்பு வந்தால் ஆம்ப்ளிஃபயரைத் திறப்பதற்கு முன் ஜாக்கின் பற்றவைப்பைப் பார்ப்பார்கள். பெரும்பாலான தடவை கோளாறு அங்கேதான்.

2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கியைக் கட்டுப்படுத்தின. இரவு முழுதும் பாடும் வாடகை குறைந்தது. குழாய் ஸ்பீக்கர் போய்ப் பெட்டி ஸ்பீக்கர் வந்தது. 2012-ஐ ஒட்டிய கடும் மின்வெட்டில் இன்வெர்ட்டரில் ஓடிய செட்டுகள் புதிய இரைச்சலோடு மேசைக்கு வந்தன. மலிவான இன்வெர்ட்டரின் சதுர அலைதான் காரணம். 5200, 1943 என்று எண்ணால் அழைக்கப்படும் டிரான்சிஸ்டர் ஜோடி எங்கும் நிறைந்தது, அதன் போலிகளும் நிறைந்தன. சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வரும் ஜோடியை மெக்கானிக்குகள் சீரியஸ் பல்பில் சோதித்த பிறகே நம்புகிறார்கள். இன்றைய டிஜிட்டல் செட்டுகளில் பாகங்கள் அரிசி நொய்யளவு. பழுது பார்ப்பதற்குப் பதில் போர்டையே மாற்றுவது வழக்கமாகிவிட்டது.

இதற்கிடையே பழைய வால்வு செட்டுகளுக்குத் திடீர் மதிப்பு. வெளிநாட்டுக் கிட்டார் ஆம்ப்ளிஃபயர்களிலும் முதல் வால்வாக அதே இசிசி83, கடைசியில் அதே இஎல்34. அளவு மீறி ஓட்டும்போது வால்வு தரும் கரகரப்பை மைக் செட்டில் பழுது என்றார்கள். கிட்டார் கலைஞர்களுக்கு அதுவே நாதம். காயலான் கடையிலிருந்து எடைக்கு வாங்கிவரும் செட்டில் ஃபில்டர் கண்டென்சர்களும் கப்ளிங் கண்டென்சர்களும் மாற்றப்படுகின்றன. மூன்று முனை பிளக் போட்டு இரும்புச் சட்டத்துக்கு எர்த் தரப்படுகிறது. கிட்டாருக்கு ஏற்ற 1 மெகாஓம் உள்வழி சேர்க்கப்படுகிறது. ஸ்பீக்கரை மாட்டிய பிறகு, சீரியஸ் பல்பில் செருகி, பல்பு பளிச்சிட்டு மங்குகிறதா என்று பார்க்கிறார்கள்.