பட்டம் இல்லாதவர்கள் தொடங்கிய பட்டப்படிப்பு

ஆபரேஷன்ஸ் ரிசர்ச்சில் முதுகலை படிக்கிறேன் என்றால், "ஆஸ்பத்திரி வேலையா?" என்று கேட்காத சொந்தக்காரர் கிடையாது. பெயரில் இருக்கும் ஆபரேஷன் உண்மையில் ராணுவ ஆபரேஷன். 1930-களின் கடைசியில், இங்கிலாந்தின் பாட்ஸி ஆய்வு நிலையத்தில் ரேடார் கருவி தயாராகிவிட்டது. அது தரும் தகவலை வைத்துப் போர்விமானங்களை எப்படி அனுப்புவது என்பது தனிக் கேள்வியாக நின்றது. அந்த ஆராய்ச்சிக்கு வைத்த பெயர்தான் இது.

1940-ல் இயற்பியலாளர் பேட்ரிக் பிளாக்கெட் விமான எதிர்ப்புப் படைக்காக ஒரு குழு சேர்த்தார். உடலியல்காரர்கள், கணிதக்காரர்கள், ஒரு வானியற்பியலாளர், ஒரு நில அளவையாளர் என்று கலவையான கூட்டம். 'பிளாக்கெட் சர்க்கஸ்' என்றே பேர் வந்துவிட்டது. பிறகு அவர் கடலோர விமானப்படைக்குப் போனார். எனக்குப் பிடித்த கணக்கு அங்கே நடந்ததுதான்.

ஜெர்மன் நீர்மூழ்கிமேல் போடும் குண்டு 100 அடி ஆழத்தில் வெடிக்கும்படி வைத்திருந்தார்கள். விமானத்தைக் கண்டதும் நீர்மூழ்கி முங்கும். குண்டு விழுவதற்குள் சராசரியாக அவ்வளவு ஆழம் போயிருக்கும் என்பது காரணம். தப்பே இல்லாத சராசரி. ஆனால் ஈ.ஜே. வில்லியம்ஸ் வேறு மாதிரி யோசித்தார். முன்கூட்டியே முங்கியது ஆழத்தில் இருக்கும், சரி. எந்த இடத்தில் என்று யாருக்குத் தெரியும்? இடம் தெரிவது இப்போதுதான் முங்குகிற நீர்மூழ்கிக்கு மட்டும். அதுவோ மேலேயே இருக்கிறது, குண்டு கீழே போய் வீணாக வெடிக்கிறது. ஆழத்தைப் படிப்படியாக 25 அடிக்குக் குறைத்தார்கள். பிடிபட்ட ஜெர்மானியர்கள், பிரிட்டிஷார் புது வெடிமருந்து கண்டுபிடித்துவிட்டதாக நினைத்தார்களாம். மாற்றியது ஒரே ஒரு எண், அவ்வளவுதான்!

போர் முடிந்ததும் இது பாடமானது. 1947-ல் ஜார்ஜ் டான்ட்ஸிக் சிம்ப்ளெக்ஸ் முறையைத் தந்தார். 1950-களின் தொடக்கத்தில் கிளீவ்லாந்தின் கேஸ் கல்லூரியில் சர்ச்மனும் ரஸ்ஸல் அக்காஃபும் பட்டப்படிப்பைக் கட்டி எழுப்பினார்கள். இருவரும் தத்துவம் படித்தவர்கள். 1957-ல் ஆர்னாஃபுடன் சேர்ந்து அவர்கள் வெளியிட்ட பாடநூல்தான் பல வகுப்பறைகளுக்கு அடித்தளம்.

அதே அக்காஃப் 1979-ல், இத்துறையின் எதிர்காலம் முடிந்துபோன கதை என்று தலைப்பிட்டே கட்டுரை எழுதினார். நிஜ உலகில் சிக்கல்கள் தனித்தனியாக வருவதில்லை, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு வருகின்றன. நாமோ கையிலிருக்கும் சூத்திரத்துக்கு ஏற்ற சிக்கலைத் தேடுகிறோம் என்பது அவர் குற்றச்சாட்டு.

அக்காஃப் கொஞ்சம் அதிகமாகவே பேசினார் என்று நினைக்கிறேன். சிம்ப்ளெக்ஸ் இல்லாமல் இன்றைக்கு எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையும் இல்லை, விமான அட்டவணையும் இல்லை. ஆனால் எங்கள் தேர்வுத்தாளைப் பார்த்தால் அவர் கோபம் புரிகிறது. எதைக் கூட்டணும், எதற்கு எவ்வளவு வரம்பு என்று எல்லாமே கேள்வியிலேயே எழுதியிருக்கும். வில்லியம்ஸுக்கு அப்படி யாரும் எழுதித் தரவில்லை. எந்த நீர்மூழ்கியைக் கணக்கில் எடுப்பது என்று தீர்மானித்ததே அவர் செய்த பாதி வேலை.

இந்தப் படிப்பில் சேர நினைப்பவர்களுக்கு ஒன்றுதான் சொல்வேன். பாடத்திட்டத்தில் எத்தனை அல்காரிதம் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். ஒழுங்குபடுத்தாத தரவைக் கையில் கொடுத்து, கேள்வியை நீயே கண்டுபிடி என்று விடுகிற புராஜெக்ட் ஒன்றாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள்.